திருப்பணியும் திருவிளக்கும்

தோற்பதையே தொழிலாகக் கொண்டது போலத் தோன்றும் ஓர் அணியை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் கைவிடாது நேசித்து வரும் ஒருவனை உலகம் என்ன பெயரிட்டு அழைக்கும்? என் இல்லத்தார் சூட்டியிருக்கும் பெயரை இங்கே எழுதுவது நாகரிகமன்று. வாசகர்கள் தம் விருப்பம்போல் ஒரு பெயரை இட்டுக்கொள்ளலாம். ஆனால், அதற்கு முன்னர் என் பக்கத்து நியாயத்தையும் சற்றே செவிமடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவன். 1987ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்தேன். துறைமுகத்தையும் இரும்பாலையையும் நம்பி வளர்ந்த பழைய நகரம் அது. அங்கே வீடுகள் தோளோடு தோள் உரசி வரிசையாக நிற்கும். பல வீடுகளின் வாசலிலே வெண்ணிறச் சலவைக்கற் படிகள் இருக்கும். நம் ஊரிலே திண்ணை செய்யும் வேலையை அங்கே அந்தப் படிகள் செய்கின்றன. கோடைக்கால மாலையில் மனிதர்கள் படியிலே வந்து அமர்வார்கள், அயலாருடன் அளவளாவுவார்கள், சிறிய வானொலிப் பெட்டியொன்றைப் பக்கத்தில் வைத்துப் பேஸ்போல் ஆட்டத்தின் வருணனையைக் கேட்பார்கள்.

என் அடுத்த வீட்டுப் படியிலே அவ்வாறு அமர்ந்திருந்தவர் இரும்பாலைத் தொழிலாளர் ஒருவர்; அப்பொழுதே ஐம்பதைக் கடந்தவர். அவர் ஆங்கிலத்தில் என்னை அழைத்த சொல்லைத் தமிழாக்கினால் 'தம்பி' என்றுதான் வரும். அந்நிய நாட்டில் என்னை முதன்முதலாக அவ்வாறு அழைத்தவர் அவரே. பேஸ்போல் என்றால் என்னவென்று எனக்குக் கற்பித்தவரும் அவரே.

அந்த விளையாட்டை நம்மவர்க்கு விளக்குவது கடினமன்று. இலங்கையின் எல்லே விளையாட்டைப் பார்த்தவர்கள் அதன் உடன்பிறப்பைப் பார்த்தவர்களே. எறியப்படும் பந்தைத் தடியால் அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றியோடிப் புறப்பட்ட இடத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். கிரிக்கெட்டுக்கும் அதற்கும் உள்ள பெரிய வேற்றுமை நாட்கணக்கிலேதான் இருக்கின்றது. இளவேனிலில் தொடங்கி இலையுதிர்காலம் பிறக்கும் வரையில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம். கிரிக்கெட்டின் பெரும்போட்டி திருவிழா என்றால், பேஸ்போல் நித்திய பூசை. அதற்கும் ஒரு தேர்த்திருவிழா உண்டு. ஒக்டோபர் மாதத்திலே உலகத் தொடர் என்ற பெயரால் அது நடைபெறும். 30 அணிகளுள் ஒன்றே ஒன்றுக்குத்தான் அந்தத் தேர் நிலைக்கு வந்து சேரும்.

பால்டிமோர் அணியின் பெயர் ஓரியோல்ஸ். செம்மஞ்சளும் கருமையும் கலந்த ஒரு பறவையின் பெயர் அது. இனம் வேறாயினும், நம் மாங்குயிலுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயரையே இட்டிருக்கின்றார்கள். ஆதலால் என் வீட்டில் அவ்வணியின் பெயர் 'மாங்குயில்கள்.' 1954ஆம் ஆண்டிலே சென் லூயிஸ் நகரிலிருந்து பால்டிமோருக்கு வந்த அவ்வணி, 1966, 1970, 1983 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது. மூன்று வெற்றிகளையும் கண்டவர் என் அயல்வீட்டு அன்பர். நானோ பந்தி முடிந்து இலையெடுத்த பின்னர் வந்து சேர்ந்தவன்.

1988ஆம் ஆண்டின் பருவம் தொடங்கியது. மாங்குயில்கள் முதலாவது ஆட்டத்தில் தோற்றன, இரண்டாவதிலும் தோற்றன, அவ்வாறே முதல் 21 ஆட்டங்களையும் அடுத்தடுத்துத் தோற்றன. ஒரு வெற்றியும் 23 தோல்விகளுமாக அவ்வணியினர் ஊர் திரும்பிய மே மாதம் 2ஆம் நாள் மாலையில், அன்பர் என் வாசலிலே வந்து நின்றார். "தம்பி, புறப்படு, மைதானத்துக்குப் போவோம்" என்றார். தோற்றவர்களை ஏசுவதற்கு அழைக்கின்றார் போலும் என்று எண்ணிக்கொண்டு சென்றேன். அங்கே ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் ஏச வந்தவர்களல்லர். எழுந்து நின்று கைதட்ட வந்தவர்கள். அன்றிரவு அணி வென்றது.

"தோற்றவர்களுக்கு எதற்காக இத்தனை ஆரவாரம்?" என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"அவர்கள் வெல்ல முயன்று தோற்றவர்கள், தம்பி" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு 107 தோல்விகளுடன் கடைசி இடத்திலே முடிந்தது. அடுத்த ஆண்டிலோ அதே அணி 87 ஆட்டங்களை வென்று, பருவத்தின் இறுதி நாட்கள் வரையில் முதலிடத்துக்குப் போராடியது. அன்று பற்றிய பைத்தியம் என்னை இன்றும் விட்டபாடில்லை.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகின்றேன். 1998 முதல் 2011 வரையில் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து மாங்குயில்கள் வென்றதிலும் தோற்றதே அதிகம். 2012 முதல் சில ஆண்டுகள் இளவேனில் போல் வந்து போயின. 2018ஆம் ஆண்டிலோ வீடு இடிந்து விழுந்தது. 47 வெற்றிகள், 115 தோல்விகள். அதே பிரிவில் முதலிடம் பெற்ற பொஸ்டன் அணிக்கும் நம்மவர்க்கும் இடையே 61 வெற்றிகளின் இடைவெளி.

இடிவுக்குக் காரணங்கள் இருந்தன. 2016ஆம் ஆண்டில் கிறிஸ் டேவிஸ் என்ற வீரருக்கு ஏழாண்டுகளுக்கு 161 மில்லியன் டொலர் தருவதாக ஒப்பந்தம் செய்தார்கள்; சில ஆண்டுகளில் அவருடைய தடி வரண்டு போயிற்று. ஏனைய அணிகள் கரிபியன் தீவுகளிலும் தென்னமெரிக்க நாடுகளிலும் இளைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்து வளர்த்தபோது, நம்மவர்கள் அப்பணியில் நெடுங்காலம் அக்கறை கொள்ளவில்லை. அணியின் ஒளிவிளக்கான மனி மச்சாடோவின் ஒப்பந்தம் அவ்வாண்டுடன் முடிவடைய இருந்தது. ஜூலை மாதத்திலே அவரை லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கொடுத்து, ஐந்து இளைஞர்களைப் பதிலாகப் பெற்றார்கள். நவம்பர் மாதத்திலே மைக் இலையாஸ் என்பவர் பொது முகாமையாளராகப் பொறுப்பேற்றார்.

அவர் வந்தது ஹியூஸ்டன் நகரிலிருந்து. அந்நகரத்து அணி 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தோற்று, 2017ஆம் ஆண்டில் உலகத் தொடரை வென்றிருந்தது. அவ்வாண்டிலே அவ்வணியினர் எதிரணியின் சைகைகளைப் படக்கருவி வைத்துத் திருடினர் என்பது 2020ஆம் ஆண்டு விசாரணையிலே வெளிப்பட்டமை வேறு கதை. 2018ஆம் ஆண்டில் பலரும் கண்டது, அடியோடு இடித்தவன் கோபுரம் கட்டினான் என்பதையே.

இடிப்பதால் என்ன இலாபம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அமெரிக்க விளையாட்டுக்களிலே ஒரு விசித்திரமான விதி உண்டு. ஆண்டுதோறும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலுமிருந்து இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும். அதிகமாகத் தோற்ற அணிக்கே முதல் தெரிவு. மெலிந்தவனைக் கைதூக்கிவிடுவதற்காக ஏற்பட்ட நல்ல விதிதான். ஆனால், நல்ல விதியையும் கணக்கறிந்தவன் தன் பக்கம் வளைத்துக்கொள்வானன்றோ? அரைகுறையாகத் தோற்பதிலும் முற்றாகத் தோற்பதே ஆதாயம் என்று சில அணிகள் கண்டுகொண்டன. சிறந்த வீரர்களை விற்று, விலைகுறைந்தவர்களைக் களத்திலிறக்கி, சில ஆண்டுகளுக்குத் தோல்வியைச் சேமிப்பார்கள். இதற்குப் புனரமைப்பு என்று பெயர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். களத்திலிறங்கிய எந்த வீரரும் தோற்பதற்காக ஆடியதை நான் கண்டதில்லை. ஆயினும், வெல்லத்தக்க துணையை அவர்களுக்குக் கொடாமல் இருப்பதும் மேலிருப்போர் எடுக்கும் ஒரு முடிவுதான். 2019ஆம் ஆண்டில் 108 தோல்விகள். எதிரணிகள் நம்மவர் எறிந்த பந்துகளில் 305 ஹோம் ரன்கள் அடித்தன. வேறெந்த அணியும் ஒரு பருவத்தில் அத்தனை கொடுத்ததில்லை. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்து இரவொன்றிலே, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய மைதானத்தில் ஏழாயிரம் பேர்கூட இருக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் மே மாதத்து இரவை எண்ணிக்கொண்டேன். அன்று தோல்வி ஒரு துயரம். நகரம் அதனைப் பங்கிட்டுக்கொள்ள வந்தது. இன்று தோல்வி ஒரு திட்டம். திட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள எவர் வருவார்?

என் மகள் 1992ஆம் ஆண்டில் பிறந்தவள். புள்ளிவிவரங்களை ஆராய்வது அவளுடைய தொழில். அவள் இந்தத் திட்டத்தை முழுமனத்துடன் ஆதரித்தாள். ஒரு மாலை அன்பரின் படியிலே நாங்கள் மூவரும் அமர்ந்திருந்தபோது அவள் சொன்னாள்: "அப்பா, ஆண்டுதோறும் எழுபத்தைந்து ஆட்டங்கள் வென்று நடுத்தரமாக நிற்பதே பெருநோய். அது எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. நிலத்தைச் சில காலம் தரிசாக விட்டால்தான் நல்ல விளைச்சல் கிடைக்கும். ஐந்தாண்டுகள் பொறுத்திருங்கள்."

அன்பர் அப்பொழுது எண்பதைக் கடந்துவிட்டார். புன்னகையுடன் அவளை நோக்கி, "மகளே, உன் கணக்குச் சரிதான். ஆனால், அந்த ஐந்தாண்டுகளை நான் எந்த வங்கியிலே கடன் வாங்குவது?" என்றார்.

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால், அந்தக் கேள்வி என் மனத்திலே முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

2019ஆம் ஆண்டின் முதல் தெரிவாக அட்லி றட்ச்மன் என்ற இளைஞர் வந்தார். பந்தெறிபவருக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடித்து ஆட்டத்தை நடத்துபவர் அவர். அதே ஆண்டின் இரண்டாம் சுற்றிலே கன்னர் ஹென்டர்சன் என்ற பதினேழு வயதுப் பையன் தெரிவானான். மகளின் வயலில் விதை விழுந்துவிட்டது. ஆனால், விதை முளைத்து வரும்வரையில் நாள்தோறும் ஆட்டம் நடந்துகொண்டுதானே இருந்தது? அந்த ஆட்டங்களை ஆடியவர்கள் யார்?

டிறே மான்சீனி என்பவர் 2016ஆம் ஆண்டிலே அணிக்கு வந்து, சரிவு முழுவதையும் உடனிருந்து சுமந்தவர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருக்குப் பெருங்குடலிலே புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சையும் ஆறு மாத மருந்தும் அந்தப் பருவத்தை விழுங்கின. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே அவர் மீண்டும் தடியேந்திப் பால்டிமோர் மைதானத்திலே நின்றபோது, தோற்கும் அணியின் மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அவ்வாண்டில் அவர் 21 ஹோம் ரன்கள் அடித்தார்.

அந்த 2021ஆம் ஆண்டிலே அணிக்கு 110 தோல்விகள். ஓகஸ்ட் மாதத்தில் மட்டும் தொடர்ச்சியாக 19. இருப்பினும், அதே ஆண்டில் செட்றிக் மலின்ஸ் என்பவர் 30 ஹோம் ரன்கள் அடித்து, 30 தடவை தளங்களையும் களவாடினார். பால்டிமோர் அணியின் வரலாற்றிலே அதற்கு முன் எவரும் ஒரே பருவத்தில் இவ்விரண்டையும் செய்ததில்லை.

மே மாதம் 5ஆம் நாளையும் நான் மறவேன். சியற்றில் நகரிலே பகலாட்டம், பால்டிமோரிலே மாலைப்பொழுது. அன்பருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. போர்வையொன்றால் முழங்காலை மூடிக்கொண்டு படியிலே அமர்ந்திருந்தார். வானொலிப் பெட்டி நடுவிலே இருந்தது. பந்தெறிந்தவர் ஜோன் மீன்ஸ். முந்திய ஆண்டிலே தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். எதிரணியினர் ஒருவர் பின் ஒருவராக வந்தனர், வந்தபடியே திரும்பினர். ஏழாம் சுற்றிலே அன்பர் பேச்சை நிறுத்திவிட்டார். இத்தகைய ஆட்டத்தின் நடுவே அதனைப் பற்றி வாய்திறந்து பேசலாகாது என்பது பேஸ்போல் இரசிகரின் நம்பிக்கை. ஒன்பதாம் சுற்று முடிந்தபோது எதிரணிக்கு ஓர் அடிகூடக் கிட்டவில்லை. 27 பேர் வந்தார்கள். 27 பேரும் ஆட்டமிழந்தார்கள். பிடிபடாத பந்தொன்றால் தளத்தை அடைந்த ஒரே ஒருவரும் அடுத்த தளத்தைக் களவாட முயன்று அகப்பட்டுக்கொண்டார். பால்டிமோர் வீரர் ஒருவர் தனியாக நின்று இத்தகைய ஆட்டத்தை எறிந்து முடித்தது, 1969ஆம் ஆண்டிலே ஜிம் பால்மர் எறிந்த பின்னர் அதுவே முதல் முறை.

"பால்மர் எறிந்த இரவிலும் இப்படித்தான் படியிலே இருந்தேன்" என்றார் அன்பர். அவருடைய கண்கள் ஈரமாயிருந்தன. "தம்பி, இந்த மாலையை அவர்களுடைய திட்டத்திலே எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?"

2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அவர் காலமானார். மே மாதம் 21ஆம் நாள் றட்ச்மன் முதன்முதலாக அணிக்காக ஆடினார். மகள் சொன்ன விளைச்சல் வந்துவிட்டது; ஆனால், மூன்று மாதம் பிந்திவிட்டது.

அந்தக் கோடையிலே ஓர் அதிசயம் நிகழ்ந்தது. மாங்குயில்கள் வெல்லத் தொடங்கின. ஜூலை மாத இறுதியில் ஒக்டோபர் ஆட்டங்களுக்குத் தகுதிபெறும் வாய்ப்புக்கூடத் தென்பட்டது. ஜூலை 28ஆம் நாள் மான்சீனி அடித்த உயர்ந்த பந்து வெயிலின் கூச்சத்தாலே எதிரணி வீரரின் கண்ணுக்குத் தப்பி, அவருடைய முகத்திலே பட்டுத் தெறித்தோடியது. மான்சீனி மைதானத்தை விட்டு வெளியேறாத அந்தப் பந்திலேயே தளங்கள் அனைத்தையும் சுற்றி ஓடி வந்தார். மக்கள் ஆர்ப்பரித்தார்கள். ஓகஸ்ட் முதலாம் நாள் அவரை ஹியூஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலாகக் கிடைத்தவர்கள் பந்தெறியும் இளைஞர் இருவர். அந்தப் பருவம் 83 வெற்றிகளுடன் முடிந்தது. ஒக்டோபர் வாயிலுக்கு மூன்றே வெற்றிகள் குறைவு.

அன்றிரவு மகளைத் தொலைபேசியில் அழைத்துக் கொதித்தேன். "நான்கு ஆண்டுகள் பொறுத்திருங்கள் என்றார்கள், பொறுத்தோம். கதவு திறக்கும் வேளையிலே, வாசலில் காவல் நின்றவனை வெளியே அனுப்பிவிட்டார்களே! இது என்ன நியாயம்?"

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பின்னர் அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, நீங்களும் அம்மாவும் இப்படித்தானே செய்தீர்கள்? நான் சிறுமியாக இருந்தபோது பகலிலே ஒரு வேலை, இரவிலே ஒரு வேலை. ஒருமுறை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று கேட்கும்போதெல்லாம் 'அடுத்த ஆண்டு' என்பீர்கள். அந்தத் திட்டத்தினாலேதான் நான் படித்தேன். இன்று நன்றாக இருக்கின்றேன். நான் குறைசொல்லவில்லை. திட்டம் பலித்தது என்றுதான் சொல்கிறேன்."

குறைசொல்லியிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன். அவள் நன்றி சொன்னாள், அதுதான் சுட்டது. 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள் எங்கள் நகரத்துக் கல் றிப்கன் தொடர்ச்சியாக 2,131ஆவது ஆட்டத்தை ஆடிப் பழைய சாதனையை முறியடித்தார். 1988ஆம் ஆண்டின் தோல்விகளிலும் ஒரு நாள் தவறாமல் களத்தில் நின்றவர் அவர். பின்னர் அந்தத் தொடரை 2,632 வரையில் நீட்டித்தவர். நகரமே விழித்திருந்த அந்த இரவிலும் நான் வேலைத்தலத்திலே இருந்தேன். மூன்று வயதுக் குழந்தை அயல்வீட்டு அன்பரின் தோளிலே அமர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்ததாகப் பின்னர் அறிந்தேன். நானும் ஒரு புனரமைப்பாளன்தான். நானும் இன்றுகளை விற்று நாளை ஒன்றை வாங்கியவன்தான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. சிறு பிராயத்து நினைவொன்று வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலைப் புதுக்கிக் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன் பாலஸ்தாபனம் செய்து, வீதியோரத்திலே கிடுகு வேய்ந்த சிறிய கொட்டிலிலே சுவாமியை எழுந்தருளச் செய்தார்கள். திருப்பணி நீண்டது. பணம் போதாமல் நின்றது, பின்னர் தொடர்ந்தது, மீண்டும் நின்றது. ஆயினும், அந்தக் கொட்டிலிலே காலையிலும் மாலையிலும் மணி ஒலித்தது, விளக்கு எரிந்தது. என் அப்பாச்சி நாள்தோறும் மாலையில் அங்கே சென்று கும்பிட்டு வருவார். கும்பாபிஷேகத்துக்கு முந்திய ஆண்டிலே அவர் கண்மூடினார். அப்பாச்சி புதுக்கோயிலைக் காணவில்லை. ஆனால், சுவாமியைக் காணாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

எங்கள் முன்னோர் எத்துணை அறிவுடையவர்கள் என்று அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. கோயிலை இடித்துக் கட்டக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பழுதடைந்ததை இடிக்கத்தான் வேண்டும். கட்டுவதற்குக் காலமும் வேண்டும். ஆனால், கட்டி முடியும் வரையில் பூசையை நிறுத்தி வை என்று சாத்திரம் சொல்லவில்லை. கோபுரம் நாளைக்கு உரியது. விளக்கு இன்றைக்கு உரியது. இன்றைக்கு வருகின்றவன் நாளைக்கு வருவான் என்பது என்ன நிச்சயம்?

தோற்கும் அணியின் புனரமைப்பைப் பற்றி என் கருத்து இவ்வளவே. மகள் சொல்வது சரி. இடியாமல் கட்ட முடியாது. அன்பர் சொன்னதும் சரி; இன்றைய மாலைக்கு ஈடாக எந்த வங்கியும் இன்னொரு மாலையைத் தருவதில்லை. இரண்டையும் பொருத்தி வைப்பது அந்தச் சிறிய கொட்டில். மீன்ஸும் மலின்ஸும் மான்சீனியும் அந்தக் கொட்டிலிலே விளக்கேற்றியவர்கள். அவர்களாலேதான் அன்பர் ஒரு நாளும் வெறுங்கையோடு உள்ளே போகவில்லை. அணியை நடத்துவோர் அவர்களை வெறும் கைமாற்றுப் பொருளாக எண்ணியபோதுதான் என் மனம் நொந்தது. மான்சீனியை அனுப்பிய வாணிகத்தில் கணக்குப் பிழையில்லை, கடன்தீர்ப்பிலேதான் பிழை. ஹியூஸ்டன் அவ்வாண்டே உலகத் தொடரை வென்று, அவர் விரலிலே வெற்றி மோதிரம் ஏறியபோது, பால்டிமோரிலே மகிழாதவர் இலர்.

விதியை இயற்றியோரும் ஏதோ உணர்ந்திருக்கத்தான் வேண்டும். 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் முதல், முதலாறு தெரிவுகளைத் திருவுளச்சீட்டால் தீர்மானிக்கின்றார்கள். எல்லோரிலும் அதிகமாகத் தோற்றாலும் முதல் தெரிவு நிச்சயமன்று. தோல்வியைச் சேமிப்போரின் வட்டி சற்றுக் குறைந்துவிட்டது.

விளைச்சல் எப்படி என்று கேட்பீர்கள். 2023ஆம் ஆண்டிலே மாங்குயில்கள் 101 ஆட்டங்களை வென்று பிரிவிலே முதலிடம் பெற்றன. ஹென்டர்சன் ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தெரிவானார். றட்ச்மன் வந்தது முதல் அந்தப் பருவம் முடியும் வரையில், எந்த எதிரணியும் ஒரு தொடரின் எல்லா ஆட்டங்களிலும் நம்மவரை வென்றதில்லை. ஒக்டோபர் வந்தது, டெக்சாஸ் அணி வந்தது, மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறினோம். 2024ஆம் ஆண்டிலே 91 வெற்றிகள். ஒக்டோபரிலே இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் தோல்வி. தோற்கடித்த கன்சாஸ் நகரத்து அணியோ முந்திய ஆண்டிலே 106 ஆட்டங்களைத் தோற்றிருந்தது! 2025ஆம் ஆண்டின் மே மாதத்திலே, புனரமைப்புக் காலம் முழுவதும் அணியை வழிநடத்திய பிரண்டன் ஹைட் பதவி நீக்கப்பட்டார். ஜூலையிலே மலின்ஸையும் நியூயோர்க்குக்கு அனுப்பினார்கள். பருவம் முடிந்தபோது பிரிவிலே கடைசி இடம். வெற்றிகள் எத்தனை தெரியுமா? சரியாக எழுபத்தைந்து.

அந்தத் தொகையை மகளுக்கு நான் நினைவூட்டவில்லை. அவளே சொல்லிச் சிரித்தாள்.

தேருக்காக மட்டுமே காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். ஏழாண்டுத் திட்டம் ஒக்டோபரிலே ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. ஆனால், நான் ஏமாந்தேன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2021ஆம் ஆண்டின் அந்த மே மாத மாலையை எவரும் என்னிடமிருந்து திருப்பிக் கேட்க முடியாதன்றோ?

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே ஒரு நாள் மகள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, இன்றைக்கு மைதானத்துக்குப் போவோமா?" என்றாள். கடைசி இடத்து அணி, வெல்வதற்கு ஒன்றுமில்லை, மறுநாள் அவளுக்கும் வேலை இருந்தது. "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்ற பழைய சொல் நாக்கின் நுனி வரை வந்தது. அதனை விழுங்கிவிட்டு, "இதோ புறப்படுகிறேன், பிள்ளை" என்றேன்.

அன்பரின் துணைவியார் எனக்குத் தந்த அந்தச் சிறிய வானொலிப் பெட்டியையும் எடுத்துச் சென்றேன். கண்முன்னே நடக்கும் ஆட்டத்துக்கு வானொலி எதற்கு என்று மகள் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவிலிருந்த வெறும் இருக்கையிலே அதனை வைத்தோம். மைதானத்திலே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.